இரண்டு 'கூ', ஒரு மாடு

மாட்டைக் காட்டி இது என்ன என்று கேட்டால் ஸ்காட்லாந்தின் அபர்டீன் பக்கத்துக் கிழவர் 'கூ' என்பார். ஆம்ஸ்டர்டாம் குழந்தையும் 'கூ' என்றுதான் சொல்லும். லண்டன்காரர் மட்டும் 'கௌ' என்பார். கல்லுக்கு ஸ்காட்ஸ் மொழியில் ஸ்டேன், டச்சிலும் ஸ்டேன், ஆங்கிலத்தில் ஸ்டோன். தேவாலயம் முறையே கிர்க், கெர்க், சர்ச். பெட்டி கிஸ்ட், கிஸ்ட், செஸ்ட். இப்படி இருபது சொல்லை வரிசையாக அடுக்கிவிட்டு, "பாருங்கள், ஸ்காட்ஸ் மொழி ஆங்கிலத்தைவிட டச்சுக்குத்தான் சொந்தம்" என்று முடிக்கிறவர்கள் நிறைய. இன்னும் ஒருபடி மேலே போய், எல்லாம் ஹாலந்து வியாபாரிகள் கொண்டுவந்து இறக்கியது என்பவர்களும் உண்டு.

மேலே சொன்ன நான்கில் ஒன்றுகூட டச்சிடம் வாங்கியதல்ல. நான்கும் ஒத்திருப்பதற்குக் காரணமும் ஒன்றல்ல. டச்சிலிருந்து நிஜமாகவே கப்பலேறி வந்த சொற்கள் வேறே இருக்கின்றன. அவற்றில் சில, பார்த்தால் டச்சு மாதிரியே இருக்காது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஸ்காட்ஸ் வேறு, கேலிக் வேறு. கேலிக் ஐரிஷின் தங்கை, கெல்டிக் குடும்பம். ஸ்காட்ஸ் என்பது பழைய ஆங்கிலத்தின் வடக்குக் கிளை வளர்ந்து தனியாக நின்றது. ஸ்காட்லாந்தின் தாழ்நிலப் பகுதிகளில் பேசப்படுவது. ஆக, ஸ்காட்ஸும் ஆங்கிலமும் ஒரு தாய்ப் பிள்ளைகள். டச்சு சித்தப்பா மகன்.

க-வும் ச-வும்

கிர்க்–சர்ச் விவகாரம் தமிழருக்கு உடனே பிடிபடும். நமக்குச் செவி, கன்னடத்தில் கிவி. நமக்குச் சேரி, அவர்களுக்குக் கேரி. நமக்குச் சிவப்பு, அவர்களுக்குக் கெம்பு. பழைய ககரம் இ, எ போன்ற முன்னுயிர்களுக்கு முன்னால் வரும்போது தமிழில் நாக்கு அண்ணத்தை நோக்கி நழுவிச் சகரமாயிற்று. கன்னடம் அப்படியே வைத்துக்கொண்டது. இதே நழுவல்தான் பழைய ஆங்கிலத்திலும் நடந்தது. டச்சில் நடக்கவில்லை.

அதனால் வரிசை வரிசையாகக் கிடைக்கும். பிர்ச் மரம் ஸ்காட்ஸில் பிர்க், டச்சில் பெர்க். வெண்ணெய் கடையும் மரப்பாண்டம் ஆங்கிலத்தில் சர்ன், ஸ்காட்ஸில் கிர்ன், டச்சில் கர்ன். கால்சட்டை ப்ரீச்சஸ், ப்ரீக்ஸ், ப்ரூக். கூரை வேய்வது ஆங்கிலத்தில் தாட்ச், ஸ்காட்ஸில் தாக். டச்சில் டாக், பொருள் 'கூரை' என்றே விரிந்துவிட்டது. சின்னச் சொற்களிலும் இதேதான். 'ஒவ்வொரு' என்பது ஈச், இல்க்கா, எல்க். 'எந்த' என்பது விச், வில்க், வெல்க். (ஆங்கிலத்தில் எல்க் என்றால் பெரிய மான். டச்சுக்காரர் அந்த மானை ஏலன்ட் என்கிறார்.)

இங்கே ஒருவர் நிறுத்திக் கேட்க வேண்டிய கேள்வி: ஸ்காட்ஸ் பழைய ஆங்கிலத்தின் பிள்ளை என்றால், ஆங்கிலத்தில் நடந்த நழுவல் அதில் ஏன் இல்லை? பதில், பல சொற்களில் இருக்கிறது. பாலாடைக்கட்டி டச்சில் காஸ். ஸ்காட்ஸில் ஆங்கிலம் போலவே சீஸ். முகவாய் டச்சில் கின், ஸ்காட்ஸில் சின். டச்சுக் கிளையைச் சேர்ந்த மொழியாக இருந்தால் இவையும் ககரத்தில்தான் தொடங்கியிருக்க வேண்டும். ஸ்காட்ஸ் ஆங்கிலத்தின் உடன்பிறப்பு என்பதற்கு இந்தச் சீஸும் சின்னும் போதும்.

அப்படியானால் கிர்க்கும் கிஸ்ட்டும் எப்படி? அது வைக்கிங்குகளின் கைவரிசை. வட இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காண்டிநேவியர்களின் பழைய நார்ஸ் மொழியில் கிர்க்யா, கிஸ்தா என்று ககரச் சொற்கள் இருந்தன. அந்தக் கலப்புப் பேச்சைப் பேசியவர்கள் 12ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து மன்னர் முதலாம் டேவிட் (ஆட்சி 1124–1153) நிறுவிய வணிக நகரங்களுக்கு வடக்கே குடிபெயர்ந்தார்கள். கிர்க் அவர்களோடு நடந்து வந்த சொல். டச்சுக் கப்பலுக்கு அதில் வேலையே இல்லை.

ஒரு வேடிக்கை. நெதர்லாந்துக்குள்ளேயே வடக்கில் பேசப்படும் ஃபிரீசிய மொழியில் அந்த நழுவல் நடந்திருக்கிறது. அங்கே தேவாலயத்துக்கும் பாலாடைக்கட்டிக்கும் சர்ச், சீஸ் பக்கம் சாய்ந்த ஒலிதான். எல்லைக்கோட்டை வைத்து மொழி உறவைக் கணித்தால் முதல் நாளே சறுக்கும்.

தொண்டையில் காறும் ஒலி

ஆங்கிலத்தில் நைட், லைட், டாட்டர் என்று எழுதும்போது நடுவில் இரண்டு எழுத்து சும்மா உட்கார்ந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் அவற்றை மனப்பாடம் செய்து அடி வாங்காதவர் குறைவு. ஒருகாலத்தில் அவை தொண்டையில் காறும் ஒலியாக ஒலித்தன. தமிழில் அதற்கு எழுத்தில்லை. இங்கே ஆய்தத்தைப் போட்டுக்கொள்கிறேன் ('ஃப்' என்று வந்தால் மட்டும் அது வழக்கம்போல ஆங்கில 'எஃப்'). ஸ்காட்ஸில் இரவு நிஃட், டச்சில் நாஃட். வெளிச்சம் இரண்டிலும் லிஃட். மகள் இரண்டிலும் டோஃட்டர். இதில் யாரும் யாரிடமும் வாங்கவில்லை. பழைய வீட்டுச் சாமானை இரண்டு பேர் வைத்துக்கொண்டார்கள், ஒருவர் தூக்கிப் போட்டுவிட்டார். அவ்வளவுதான்.

ஆனால் டச்சில் காறும் ஒலி எல்லாமே பழசல்ல. 'ஃப்ட்' என்று முடிந்த பழைய சொற்கள் டச்சில் 'ஃட்' ஆகிவிட்டன. ஆங்கில ஆஃப்டர் டச்சில் ஆஃட்டர், சாஃப்ட் ஸாஃட், க்ராஃப்ட் க்ராஃட், பொருள் வலிமை. ஸ்காட்ஸில் வானத்துக்கு லிஃப்ட் என்று பெயர். மின்தூக்கி அல்ல, பழைய ஆங்கிலத்தின் 'காற்று, ஆகாயம்' என்ற சொல். டச்சில் அதன் இணை லுஃட். ஆங்கிலத்தில் பரணைக் குறிக்கும் லாஃப்ட், அதே குடும்பம் நார்ஸ் வழியாக வந்தது. இந்த 'ஃப்ட்–ஃட்' விதியை நினைவில் வையுங்கள். பின்னால் ஒரு கடன் சொல்லைப் பிடிக்க இது உதவும்.

மாட்டுக்கு வருவோம்

பழைய ஆங்கிலத்தில் மாடு 'கூ', வீடு 'ஹூஸ்', எலி 'மூஸ்'. 15ஆம் நூற்றாண்டு தொடங்கி இங்கிலாந்தில் நெட்டுயிர்கள் எல்லாம் இடம் மாறின. பஸ் பெஞ்சில் ஒரு ஓரத்தில் புதிதாக ஒருவர் உட்கார்ந்தால் மறு ஓரத்துக்காரர் எழுந்துகொள்ள வேண்டியதுதான். அங்கே 'ஓ' நகர்ந்து 'ஊ'வின் இடத்துக்கு வர, 'ஊ' வெளியே தள்ளப்பட்டு 'ஔ' ஆயிற்று: கௌ, ஹௌஸ், மௌஸ். வடக்கில் என்ன நடந்தது என்றால், அந்த 'ஓ' முன்பே வேறு பக்கம், வாயின் முன்புறமாக, போய்விட்டிருந்தது. தள்ளுவதற்கு ஆளில்லை. எனவே 'ஊ' இருந்த இடத்திலேயே இருந்தது. ஸ்காட்ஸில் இன்றைக்கும் கூ, ஹூஸ், மூஸ்.

டச்சில் மாடு கூ. ஆனால் வீடு? தமிழில் எழுத வராத ஓர் ஈருயிர். 'ஹௌஸ்', 'ஹெய்ஸ்' இரண்டுக்கும் நடுவே, உதட்டைக் குவித்துச் சொல்ல வேண்டும். எலியும் அப்படியே. ஸ்காட்ஸ் கூவும் டச்சுக் கூவும் ஒரே வழியில் வந்திருந்தால் வீடும் எலியும் சேர்ந்து ஒத்துப்போயிருக்க வேண்டுமே. ஒத்துப்போகவில்லை. காரணம், டச்சு மாடு பழைய 'கோ'விலிருந்து வந்தது. அங்கே ஓகாரம் ஊகாரமானது. பழைய ஊகாரம் உடைந்து ஈருயிரானது. ஸ்காட்ஸ் மாடு நகரவே இல்லை. டச்சு மாடு நகர்ந்து வந்து பக்கத்தில் நின்றது. மூலச்சொல் ஒன்று, ஒலி ஒத்தது தற்செயல்.

ஸ்டேன் கதையும் இதேதான். மூல வடிவத்தில் 'ஐ' இருந்தது (ஜெர்மனில் இன்றும் ஷ்டைன்). பழைய ஆங்கிலத்தில் அது 'ஸ்தான்' ஆயிற்று. தெற்கில் அந்த ஆகாரம் ஓகாரமாகி ஸ்டோன், வடக்கில் முன்னோக்கி நகர்ந்து ஸ்டேன். டச்சில் 'ஐ' நேராக 'ஏ'. எலும்பு ஸ்காட்ஸில் பேன், டச்சிலும் பேன், ஆனால் டச்சில் அதற்கு முதற்பொருள் கால்.

கப்பலில் வந்தவை

இனி உண்மையான கடன்கள். ஸ்காட்லாந்தின் கம்பளி, தோல், சால்மன், நிலக்கரி ஆகியவை வட கடலைக் கடந்து போயின. இந்த வணிகத்தின் அதிகாரபூர்வ இறக்குமதித் துறைமுகமாக நெதர்லாந்தில் ஸீலாந்து மாகாணத்தின் ஃபேரெ ஊர் 1541இல் ஒப்பந்தமாயிற்று. 1799 வரை அந்த ஏற்பாடு நீடித்தது. ஸ்காட்லாந்து வணிகர் கட்டிடங்கள் இன்னும் அந்த ஊர்ப் படகுத்துறையில் நிற்கின்றன. அதற்கு முன்பே ஃபிளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியத்தில் டச்சு பேசும் பகுதி) நெசவாளர்களும் வணிகர்களும் ஸ்காட்லாந்து நகரங்களில் குடியிருந்தார்கள். ஆகவே கடன் சொற்கள் கடைத்தெருவிலும் அடுப்படியிலும்தான் அதிகம். வானம், மகள், இரவு போன்ற அடிப்படைச் சொற்களில் தேடினால் ஏமாற்றம்தான்.

பழைய ஸ்காட்ஸில் 'வாங்கினான்' என்பதற்குக் காஃப்ட் என்றொரு சொல். ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் தன் 'டாம் ஓ ஷான்டர்' கவிதையில், பாட்டி பேத்திக்கு வாங்கிய சட்டையைச் சொல்ல இதைத்தான் போடுகிறார். இன்றைய டச்சில் 'வாங்கினான்' கொஃட். இரண்டையும் பார்த்தவுடன் உறவு தெரியாது. மேலே சொன்ன விதியைப் போட்டுப் பாருங்கள்: கொஃட் என்பதன் பழைய வடிவம் கொஃப்ட். இடைக்கால டச்சில் இரண்டும் வழங்கின; ஸ்காட்லாந்து வணிகர் காதில் விழுந்தது 'ஃப்ட்' வடிவம். டச்சு அதைக் கைவிட்டது, ஸ்காட்ஸ் வைத்துக்கொண்டது.

இந்தச் சொல்லின் குடும்பத்தை முழுதாக எடுத்தால் இன்னும் சுவை. லத்தீனில் சில்லறை வியாபாரியைக் குறித்த 'கௌப்போ' ஜெர்மானிய மொழிகளுக்குள் வந்தது. பழைய ஆங்கிலத்தில் ககரம் நழுவி, 'வியாபாரம்' என்ற பொருளில் நின்று, பிறகு 'மலிவு' என்னும் சீப் ஆயிற்று. (டச்சில் மலிவுக்கு ஹூட்கோப், நல்ல கொள்முதல் என்று பொருள்.) நார்ஸில் கௌப்பா; அது ஸ்காட்ஸில் பண்டமாற்றுச் செய்வதைக் குறிக்கும் கௌப் ஆகி, குதிரைத் தரகனுக்குக் கௌப்பர் என்று பெயர் தந்தது. டச்சு வழியில் காஃப்ட். ஒரே வேர், மூன்று வாசல்: வீட்டுச் சொத்து, வைக்கிங் சொத்து, கப்பல் சொத்து. ஸ்காட்ஸ் சொல் ஒன்றைக் கையில் எடுத்தால் இந்த மூன்று வாசலையும் தட்டிப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

அளவுச் சொல் ஒன்று: மட்ச்கின். பழைய ஸ்காட்லாந்து பைண்டில் கால் பங்கு. ஸ்காட்லாந்து பைண்ட் ஏறக்குறைய 1.7 லிட்டர், ஆங்கில பைண்டைப் போல மூன்று மடங்கு. ஆக மட்ச்கின் சுமார் 424 மில்லிலிட்டர். பழைய சமையல் குறிப்பில் பைண்ட் என்று கண்டதும் 568 மில்லிலிட்டர் ஊற்றினால் எல்லாம் கெட்டுப்போகும். சொல் இடைக்கால டச்சிலிருந்து வந்தது. நம் மரக்கால் மாதிரி தானியம் அளக்கும் 'முட்' என்பதன் சிறுமை வடிவம், 'சின்ன முட்'. பெண்கள் போடும் துணித்தொப்பிக்கும் ஸ்காட்ஸில் மட்ச் என்று பெயர். அதுவும் டச்சுக் கடன்தான் (இன்றைய டச்சில் முட்ஸ்). ஆனால் மட்ச்கின் 'சின்ன மட்ச்' அல்ல. இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

கழுத்துக்கு ஸ்காட்ஸில் கிரெய்க். டச்சு க்ராக்குக்கு இன்று சட்டைக் காலர் என்று பொருள். கடன் வாங்கிய காலத்தில் அங்கேயும் கழுத்துதான். பிறகு கழுத்தைச் சுற்றிய துணிக்குப் பெயர் போய்ச் சேர்ந்தது. ஊர்ப்பெயர்களிலும் தீவுப்பெயர்களிலும் வரும் கிரெய்க் வேறு, கேலிக் மொழியில் பாறை. சுண்டுவிரலுக்குப் பிங்கி, டச்சு பிங்க்கிலிருந்து. தயக்கத்துக்கிடமில்லை.

ஸ்கோன் என்ற ரொட்டி டச்சு 'ஸ்கோன்ப்ரோட்', அதாவது சுத்தமான வெள்ளை மாவு ரொட்டி, என்பதன் சுருக்கமாக இருக்கலாம் என்பது பெரும்பாலோர் ஏற்பது. கோல்ஃப் அப்படியில்லை. 1457இல் இரண்டாம் ஜேம்ஸ் காலத்து ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் வில்வித்தைப் பயிற்சி கெடுகிறது என்று கால்பந்தையும் கோல்ஃபையும் தடை செய்தது. சொல்லின் முதல் பதிவு அது. டச்சில் மட்டைக்குக் கோல்ஃப், ஆனால் வல்லெழுத்துக் ககரம். ஸ்காட்ஸ் சொல்லோ மெலிந்த ககரம், ஆங்கில 'ஜி'. வன்மையான ககரத்தில் தொடங்கும் ஸ்காட்ஸ் வடிவம் எந்தப் பழைய ஏட்டிலும் கிடைக்கவில்லை. சுற்றுலா வழிகாட்டிகள் உறுதியாகச் சொல்லும் டச்சு மூலம் உண்மையில் இந்த ஓர் எழுத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

ஒரே மண்வெட்டி, இரண்டு பொருள்

ஸ்காட்லாந்தில் டைக் என்றால் வயலைச் சுற்றிய கல்சுவர். சாந்து கிடையாது. அடியில் பெரிய கற்கள். மேலே இரண்டு முகமாகக் கற்களை அடுக்கி, நடுவில் சில்லுக் கற்களை இறுக்கி நிரப்புவார்கள். பாதி உயரத்தில் இரண்டு முகத்தையும் சேர்த்துப் பிடிக்க நீளக் கற்கள் குறுக்கே போகும். உச்சியில் கற்களைச் செங்குத்தாக நிறுத்தி எடை கொடுப்பார்கள். நடுவில் சில்லுக்குப் பதில் மண்ணைக் கொட்டினால் மழையில் கரைந்து, உறைபனியில் உப்பி, சுவர் வயிறு தள்ளி விழும். டச்சில் டெய்க் கடலைத் தடுக்கும் கரை. 1932இல் மூடி முடித்த அஃப்ஸ்லெய்ட்டெய்க் 32 கிலோமீட்டர் நீளம். ஆங்கிலத்தில் டிட்ச் என்றால் பள்ளம், சாக்கடை வாய்க்கால். இங்கிலாந்தின் கிழக்குச் சதுப்பு நிலத்தில் டைக் என்றாலே பள்ளம்தான்.

சுவர், கரை, பள்ளம் மூன்றும் ஒரே சொல்லா? ஆம். மூலப்பொருள் தோண்டுதல். ஒருவன் மண்வெட்டியால் தோண்டி வெட்டிய மண்ணை ஓரமாகக் கொட்டினால் பள்ளமும் கிடைக்கும், மேடும் கிடைக்கும். நாம் வாய்க்கால் என்றும் வரப்பு என்றும் பிரித்துவிட்டோம். அவர்கள் ஒரே பெயரை வைத்துக்கொண்டு ஊருக்கு ஊர் ஒரு பக்கம் சாய்ந்தார்கள். ஸ்காட்லாந்தில் மேடு கல்சுவராக வளர்ந்தது.

இந்த வகையில் நன்றாக ஏமாற்றும் மூவர் ப்ரா, ப்ராஃப், ப்ரேவ். மூன்றும் பிரெஞ்சு வழியே வந்த ஒரே சொல். ஸ்காட்ஸில் ப்ரா என்றால் அழகு, ஜோர். நல்ல வெயில் நாளையும் சொல்லலாம், புது உடுப்பையும் சொல்லலாம். டச்சில் ப்ராஃப் என்றால் சொன்ன பேச்சைக் கேட்கிற. நாயைத் தட்டிக்கொடுத்துச் சொல்வது. ஆங்கிலத்தில் வீரம். டச்சுக்காரர் உங்களை ஸ்லிம் என்றால் எடையைச் சொல்லவில்லை, கெட்டிக்காரர் என்கிறார். ஆங்கிலம் அந்தச் சொல்லை டச்சிடம் 17ஆம் நூற்றாண்டில் வாங்கியது. டச்சில் 'கோணல், கெட்டது' என்பது தந்திரமாகி அறிவாயிற்று. ஆங்கிலத்தில் 'அற்பம்' என்பது மெலிவாயிற்று.

செருப்புக்கும் ஒரு வரி. ஸ்காட்ஸில் ஷூன் என்றால் காலணிகள், பழைய பன்மை. டச்சில் ஸ்கூன் ஒற்றைக் காலணி. உண்மையில் அதுவும் பன்மைதான். ஜோடியாகவே புழங்கியதால் ஒருமை என்று நினைத்து, அதன்மேல் இன்னொரு பன்மை விகுதியை ஒட்டி ஸ்கூனன் என்றார்கள்.

எப்படிப் பார்ப்பது

ஸ்காட்ஸ் மொழி அகராதி இணையத்தில் இலவசம். அதற்குள் இரண்டு அகராதிகள்: 1700 வரையிலான சொற்களுக்கு ஒன்று, அதற்குப் பிறகு வந்தவற்றுக்கு இன்னொன்று. இரண்டையும் திறக்க வேண்டும். பழைய பகுதியில் தேடும்போது எழுத்து மாறும். வில்க் என்பதை அங்கே ஆங்கிலக் க்யூவும் யூவும் ஹெச்சும் போட்டு எழுதியிருப்பார்கள். இன்றைய எழுத்தில் தேடினால் ஒன்றும் வராது. யகர ஒலிக்கான பழைய எழுத்து அச்சகங்களில் இல்லாததால் 'இஸட்' அச்சைப் போட்டார்கள். மென்ஸீஸ் என்று எழுதிய குடும்பப்பெயரை மிங்கிஸ் என்று வாசிப்பது அதனால்தான். டச்சுப் பக்கத்துக்கு 1864 முதல் 1998 வரை வெளிவந்த 40 தொகுதிப் பேரகராதியும், சொற்பிறப்புகளைத் திரட்டிய இணையத் தொகுப்பும் உண்டு, அவையும் இலவசம்.

சொல் கையில் வந்ததும் ஒலிவிதி எதிர்பார்க்கிற வடிவம் என்ன என்று எழுதிக்கொள்ளுங்கள். விதிப்படி ஒத்துப்போனால் பெரும்பாலும் பொதுச்சொத்து. விதிக்கு முரணாக ஒத்துப்போனால் கடன் என்று சந்தேகப்படலாம். அதற்குள் நார்ஸ் வாசலைத் தட்டிவிடுங்கள். பாதி 'டச்சு' சொற்கள் அங்கேயே விழுந்துவிடும். அடுத்தது தாழ் ஜெர்மன், வட ஜெர்மனியின் லூபெக் போன்ற துறைமுகங்களின் பேச்சு. அதையும் இடைக்கால டச்சையும் பிரிப்பது பல சமயம் முடியாது. அகராதிகள் இரண்டையும் சேர்த்துப் போடுவது சோம்பல் அல்ல. சில நூற்றாண்டு முந்தைய ஆங்கில ஏடுகளில் 'டச்சு' என்று கண்டால் அது ஜெர்மனையும் சேர்த்தே குறிக்கலாம். 1808இல் வெளிவந்த ஜான் ஜேமிசனின் ஸ்காட்ஸ் அகராதியில் எடுத்துக்காட்டுகள் தங்கம். ஆனால் ஸ்காட்லாந்தில் பழங்காலத்தில் வாழ்ந்த பிக்ட் மக்கள் பேசியதே ஜெர்மானிய மொழி, ஸ்காட்ஸ் அதன் வாரிசு என்று நம்பியவர் அவர். அவருடைய சொற்பிறப்புகளை அப்படியே எடுக்கக் கூடாது.

பயிற்சிக்கு டாய்ட் நல்ல சொல். ஸ்காட்ஸில் மிகச் சிறிய காசு, 'ஒரு டாய்ட்டுக்கும் பெறாது' என்பது வழக்கு. நாணயப் பெயர், துறைமுக ஊர்கள், டச்சில் எட்டு சேர்ந்தால் ஒரு ஸ்டெய்வர் ஆகும் செப்புக்காசு: கடன் என்பதில் ஐயமில்லை. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் அதே காசை நாகப்பட்டினத்துக்கும் பழவேற்காட்டுக்கும் கொண்டுவந்தன. மலாய் மொழியில் பணத்துக்கே டூயிட் என்று பெயராயிற்று. நம் பக்கத்தில் அது துட்டு.